திருநர்களுக்கு ‘நட்பான நாடு’ எது? பட்டியல்கள் சொல்லாத விவரங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருநர்கள் சுற்றுலா செல்லவும் குடியேறவும் ஏற்ற நாடுகள் என்று பட்டியல்கள் பத்திரிகைகளில் அடிக்கடி வருகின்றன. அவற்றை நம்பி வேலையை விட்டு, சேமிப்பை எல்லாம் விசாவில் போட்டுவிட்டுப் பின்னர் தவிப்பவர்கள் உண்டு. பயணத்துக்கும் குடியேற்றத்துக்கும் ஆவணங்களைத் தயார்செய்யும் திருநர்களுக்கு உதவிவருகிறவர்கள் என்ற முறையில், இந்தப் பட்டியல்களில் விடுபடுகிற விவரங்களைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

ஒரு நாட்டின் பெயருக்கு நேரே ஒரே ஒரு மதிப்பெண் போடும்போது சட்டம், மருத்துவம், தெரு என்ற மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. தாய்லாந்தையே எடுத்துக்கொள்ளலாம். பாலின உறுதிப்பாட்டு அறுவைச் சிகிச்சைக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் அங்கே போகிறார்கள். 2025 ஜனவரி 23 முதல் ஒருபால் திருமணமும் அங்கே சட்டபூர்வம். ஆனாலும் அடையாள ஆவணத்தில் பாலினத்தை மாற்றிக்கொள்ள அந்நாட்டுத் திருநர்களுக்கே இன்னும் சட்டம் இல்லை. பிரேசிலில் 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்தே பெயரையும் பாலினத்தையும் மாற்றலாம், மருத்துவச் சான்று தேவையில்லை. அதே பிரேசில்தான் திருநர் கொலைகள் குறித்த உலகளாவிய கணக்கெடுப்பில் ஆண்டுதோறும் முதலிடத்தில் இருக்கிறது. ஈரானில் அறுவைச் சிகிச்சையும் பாலினப் பதிவு மாற்றமும் அரசின் அனுமதியோடு பல பத்தாண்டுகளாக நடக்கின்றன. அந்த வழியில் போகாதவரையோ ஒருபாலுறவுச் சட்டம் தண்டிக்கக் காத்திருக்கிறது. மூன்று நாடுகளுக்கும் மூன்று விதமான ஆபத்து, மூன்று விதமான வசதி. ‘நட்பானது’ என்ற ஒற்றைச் சொல் எதற்கும் பொருந்தவில்லை.

எனவே நாட்டைத் தேடுவதற்கு முன், அங்கே எந்தத் தகுதியில் நிற்கப்போகிறோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். சுற்றுலாப் பயணி, மாணவர், வேலை அனுமதி பெற்றவர், வாழ்க்கைத் துணையாகப் போகிறவர், புகலிடம் கேட்பவர் ஆகிய ஐவருக்கும் ஒரே நாட்டில் ஐந்து விதமான உரிமைகள். சட்டம் நல்ல சட்டமாக இருக்கலாம். அது நமக்கும் பொருந்துமா என்பதே கேள்வி.

சுய அறிவிப்பின்படி பாலினத்தைப் பதிவுசெய்யும் முறையை முதலில் சட்டமாக்கியது அர்ஜென்டினா, 2012இல். டென்மார்க் 2014, மால்டாவும் அயர்லாந்தும் 2015, நார்வே 2016, போர்ச்சுகல் 2018, சுவிட்சர்லாந்து 2022, ஸ்பெயினும் பின்லாந்தும் 2023, ஜெர்மனி 2024 நவம்பர் 1 என்று வரிசை நீள்கிறது. பட்டியல்கள் இத்தோடு நின்றுவிடும். ஜெர்மன் சட்டத்தை விரித்துப் பார்த்தால், வெளிநாட்டவரில் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி, புதுப்பிக்கத்தக்க குடியிருப்பு அனுமதி, நீல அட்டை (உயர்தகுதி வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய அனுமதி) ஆகியவற்றில் ஒன்று வைத்திருப்பவருக்கே அது பொருந்துகிறது. அவரும் பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே தெரிவித்து, 3 மாதம் காத்திருந்து, 6 மாதத்துக்குள் நேரில் அறிவிக்க வேண்டும். தவறினால் மீண்டும் முதலிலிருந்துதான். அயர்லாந்தில் அந்நாட்டில் வழக்கமாக வசிப்பவர் என்று காட்டினால் போதும். ஸ்பெயினில், சொந்த நாட்டில் மாற்றவே வழியில்லை என்று நிரூபிக்கும் வெளிநாட்டவர், ஸ்பெயின் அரசு தமக்குத் தரும் ஆவணங்களில் மாற்றம் கோரலாம். கனடாவில் நிரந்தரக் குடியிருப்பு அட்டையில் ஆண், பெண், எக்ஸ் (ஆண், பெண் என்று குறிப்பிடாத பாலினக் குறி) ஆகியவற்றில் எதை வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம்.

இப்படிக் குடியேறிய நாட்டில் மாற்றினாலும், கையிலுள்ள பாஸ்போர்ட் சொந்த நாடு தந்ததாகவே இருக்கும். அதில் பழைய பெயரும் பழைய பாலினமும் தொடரும். இரண்டு ஆவணங்கள் இரண்டு விதமாகப் பேசினால் விமான நிறுவனத்தின் கவுன்டரிலேயே தடை வரும். மாற்றச் சான்றின் அசலையும் அதன் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பையும் எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும். டிக்கெட்டைப் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில்தான் எடுக்க வேண்டும், குடியிருப்பு அட்டையில் உள்ள பெயரில் எடுக்கக் கூடாது.

அகதிகளுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கடுமையானது. சொந்த நாட்டுத் தூதரகத்தை அணுகிப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாலே, ‘அந்நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடினார்’ என்று அவரது அகதி நிலை கேள்விக்குள்ளாகும். ஆகவே புகலிடம் தந்த நாடுதான் ஆவணத்தை மாற்றித் தர வேண்டும். ஈரானிலிருந்து வந்து ஹங்கேரியில் அகதி நிலை பெற்ற ஒரு திருநம்பியின் பெயர் மாற்ற விண்ணப்பத்தை அங்கே ஏற்கவில்லை, பிறப்புப் பதிவு அந்நாட்டில் இல்லை என்பதே காரணம். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2020 ஜூலையில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும், ஹங்கேரியில் அகதியாக உள்ள இன்னொரு ஈரானியரின் வழக்கில் இதே திசையில் தீர்ப்பளித்தது. அரசுப் பதிவேட்டில் பாலினம் தவறாக இருந்தால் தரவுப் பாதுகாப்பு விதியின்படியே திருத்தக் கோரலாம், அறுவைச் சிகிச்சைக்குச் சான்று கேட்கக் கூடாது என்றது. ஐரோப்பாவில் அகதியாக இருக்கும் திருநர்கள் தங்கள் வழக்கறிஞரிடம் இந்த இரண்டு தீர்ப்புகளையும் எடுத்துச் சொல்வது பயன்தரும். வழக்கறிஞர்கள் எல்லோருக்கும் இவை தெரிந்திருப்பதில்லை.

அடுத்து, சட்டம் எந்தத் திசையில் நகர்கிறது என்பது. ஹங்கேரி 2020 மே மாதம் பாலினப் பதிவு மாற்றத்தை நிறுத்தியது. ரஷ்யா 2023 ஜூலையில் பதிவு மாற்றத்தையும் சிகிச்சையையும் சேர்த்தே தடைசெய்தது, ஏற்கெனவே மாறியவர்களின் திருமணத்தைக்கூடச் செல்லாததாக்கியது. ஜார்ஜியா 2024இல் அதே வழியில் போனது. ஸ்லோவாக்கியா 2025இல் இரண்டே பாலினம் என்று அரசமைப்பில் எழுதிக்கொண்டது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 16 அன்று, சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்பது பிறப்புப் பாலினத்தையே குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. அமெரிக்கா 2022 ஏப்ரலில் கேட்ட எல்லோருக்கும் எக்ஸ் குறியுடன் பாஸ்போர்ட் தரத் தொடங்கி, 2025 ஜனவரி 20 அன்று பிறப்பிக்கப்பட்ட ஓர் உத்தரவால் நிறுத்திவிட்டது. அந்த நவம்பரில் உச்ச நீதிமன்றம், வழக்கு முடியும்வரை அரசு அப்படியே செய்யலாம் என்று அனுமதித்தது. டென்மார்க், பின்லாந்து, ஜெர்மனி போன்ற நாடுகள், அமெரிக்கா செல்லும் தங்கள் திருநர் குடிமக்கள் புறப்படுமுன் அமெரிக்கத் தரப்பில் விசாரித்துக்கொள்ள வேண்டும் என்று பயண அறிவுரை வெளியிட்டன.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் நடைமுறைக்கானது. ஓர் உரிமை எப்படி வந்தது என்று பாருங்கள். நாடாளுமன்றம் இயற்றிய சட்டமா, நீதிமன்றத் தீர்ப்பா, ஒரு துறையின் உத்தரவா? துறை உத்தரவால் வந்தது ஆட்சி மாறினால் ஒரே நாளில் போய்விடும். குடியேற்றம் என்பது குடியுரிமை கிடைக்கும்வரை பல ஆண்டுகள் நீளும் வேலை. இன்றைய நிலையைவிடக் கடந்த ஐந்தாண்டு நகர்வுதான் அதற்கு முக்கியம்.

ஆவணங்களில் ஒழுங்குமுறை தவறுவதால்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் சிக்குகின்றன. பெயரையும் பாலினத்தையும் சொந்த நாட்டில் மாற்ற முடியும் என்றால், அடிப்படை அடையாள ஆவணம், கல்விச் சான்றிதழ்கள், வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட் என்ற வரிசையில் எல்லாவற்றையும் முடித்த பிறகே விசாவுக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது நடுவில் மாற்றினால், கொடுத்த கைரேகையும் படமும் ஒரு பெயரில், புதிய பாஸ்போர்ட் இன்னொரு பெயரில் என்று கோப்பு தேங்கிவிடும். பல்கலைக்கழகம் பட்டச் சான்றைத் திருத்தித் தர மறுத்தால், பெயர் மாற்றத்தை அறிவித்த அரசிதழ் அல்லது நீதிமன்ற ஆணையோடு, இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற பிரமாணப் பத்திரத்தையும் இணைக்க வேண்டும். செல்லும் நாடு, வெளிநாட்டு ஆவணங்களை ஏற்பது குறித்த 1961 ஹேக் உடன்படிக்கையில் இருந்தால் ‘அப்போஸ்டில்’ என்ற அரசுச் சான்று முத்திரை போதும், இல்லையென்றால் தூதரக அத்தாட்சி வேண்டும்.

பழைய பெயரை மறைக்கவே கூடாது. இதை அழுத்தமாகச் சொல்கிறோம். பழைய பெயரை எழுதுவது எவ்வளவு வலிக்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் குடியேற்றப் படிவங்களில் ‘வேறு பெயர்களில் அறியப்பட்டதுண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினால் அது தவறான தகவல் அளித்ததாகக் கொள்ளப்படலாம். கனடாவில் அதற்கு 5 ஆண்டுத் தடை. காவல்துறை நன்னடத்தைச் சான்றையும் இரண்டு பெயருக்கும் சேர்த்தே வாங்க வேண்டும்.

எக்ஸ் குறி பற்றி இரண்டு வார்த்தை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி பாஸ்போர்ட்டில் ஆண், பெண், எக்ஸ் மூன்றும் செல்லும். இயந்திரம் படிக்கும் வரிகளில் எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நிரப்புக் குறி இருக்கும். ஆகவே பாஸ்போர்ட்டில் குறையில்லை. தடை வருவது விசாப் படிவத்திலும் விமான முன்பதிவிலும். இரண்டே கட்டம் உள்ள படிவம் ஏராளம். தான் போகவிருக்கும் நாட்டின் விசாப் படிவத்தை முதலில் திறந்து பார்த்துவிட்டு எக்ஸ் கேட்பதா என்று முடிவெடுப்பது நல்லது. படமும் முக்கியம். தானியங்கி வாயில்கள் சில்லில் உள்ள படத்தோடு முகத்தை ஒப்பிடும். ஹார்மோன் தொடங்கி முகம் மாறிவிட்டால், பாஸ்போர்ட் காலாவதியாகக் காத்திராமல் புதிய படத்துடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி ஹார்மோன். வெளிநாடு போகும் திருநர்களின் உடல்நலம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

திருநம்பிகள் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. அமெரிக்காவில் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு மருத்துவர் சீட்டோடு 3 மாத அளவு கையோடு கொண்டுபோகலாம், அஞ்சலில் வரவழைக்க அனுமதி வேண்டும். ஜப்பானில் மருத்துவர் பரிந்துரைத்த மருந்து ஒரு மாத அளவுக்கு மேல் என்றால் முன்கூட்டியே இறக்குமதி உறுதிச் சான்று வாங்க வேண்டும். திருநங்கைகள் எடுக்கும் ஈஸ்ட்ரோஜன் வகையான ஈஸ்ட்ரடயோலுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. மருத்துவர் கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், மருந்தின் பொதுப்பெயர், அளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஊசி என்றால் ஊசியும் சிரிஞ்சும் தேவை என்ற வரி ஆகியவை இருக்கட்டும். காரணத்தை எழுதத் தேவையில்லாத நாட்டில் எழுதாமல் விடுவதே நல்லது. மருந்து அசல் அட்டைப்பெட்டியோடு கைப்பையில் இருக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் வைத்து அது தொலைந்தால் அடுத்த ஊசிக்கு வழியில்லை.

புதிய நாட்டில் முதல் மருத்துவரைப் பார்க்க எவ்வளவு காலமாகும் என்பதைப் பட்டியல்கள் சொல்வதே இல்லை. பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையின் பாலின மருத்துவமனைகளில் முதல் சந்திப்புக்கே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நெதர்லாந்திலும் நீண்ட வரிசை. குடும்ப மருத்துவரே ஹார்மோன் எழுதித் தரும் ஊர்களில் சில வாரங்களில் வேலை முடியும். அதனால் நாட்டைவிட ஊரை விசாரியுங்கள். அந்த ஊரில் எந்தக் குடும்ப மருத்துவர் புதிய நோயாளிகளைச் சேர்க்கிறார், ஏற்கெனவே எடுத்துவரும் மருந்தைத் தொடர்ந்து எழுதித் தருவாரா என்று புறப்படுமுன் மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். பொதுக் காப்பீடு தொடங்கக் காத்திருப்புக் காலம் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அது மூன்று மாதம்வரை நீளும்.

அளவை நீட்டிக்க மருந்தைப் பாதியாக்குவது கைவிட வேண்டிய பழக்கம். விரைகளோ சினைப்பைகளோ அகற்றப்பட்டவர்களுக்கு உடல் சொந்தமாகப் போதிய பாலின ஹார்மோன் சுரக்காது. மாதக்கணக்கில் விடுபட்டால் எலும்பு அடர்த்தி குறையும், உடல் கொதிப்பும் சோர்வும் வரும். இடைவெளி நீளலாம் என்று தெரிந்தால் திருநம்பிகள், 10 முதல் 14 வாரத்துக்கு ஒருமுறை போடும் 1,000 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் அன்டெக்கனோயேட் ஊசி தங்களுக்குச் சரிவருமா என்று கேட்கலாம். அந்த ஊசியை ஏற்கெனவே சீராகப் போட்டுவருபவர் புறப்படும் வாரத்தில் போட்டுக்கொண்டால் ஏறத்தாழ இரண்டரை மாதத்துக்குக் கவலையில்லை.

ஒரே மருந்து எல்லா நாட்டிலும் கிடைக்காது. திருநங்கைகளுக்கு டெஸ்டோஸ்டிரோனைத் தடுக்கத் தரும், ஐரோப்பாவில் பரவலாக உள்ள சைப்ரோடெரோன் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்படவில்லை, அங்கே ஸ்பைரோனோலாக்டோன்தான் தருவார்கள். அதற்கு மாறினால் பொட்டாசியம் அளவைச் சோதிக்க வேண்டும்.

இரத்தப் பரிசோதனைச் சீட்டில் அலகு மாறுவது இன்னொரு பொறி. சில நாடுகளில் ஈஸ்ட்ரடயோலை மில்லிலிட்டருக்கு இத்தனை பிகோகிராம் என்று எழுதுவார்கள், சில நாடுகளில் லிட்டருக்கு இத்தனை பிகோமோல் என்று. மில்லிலிட்டருக்கு ஒரு பிகோகிராம் என்பது லிட்டருக்கு 3.67 பிகோமோலுக்குச் சமம். லிட்டருக்கு 400 பிகோமோல் என்றால் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 109 பிகோகிராம். திருநங்கைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் 100 முதல் 200 பிகோகிராம் வரம்புக்குள் அது சரியாக இருக்கிறது. அலகைக் கவனிக்காத மருத்துவர் 400 என்ற எண்ணைப் பார்த்து மிக அதிகம் என்று மருந்தைக் குறைத்துவிடுவார். டெஸ்டோஸ்டிரோனில் டெசிலிட்டருக்கு 50 நானோகிராம் என்பது லிட்டருக்கு 1.7 நானோமோல். பழைய சீட்டுகளை அலகு, தேதி, கடைசியாக மருந்து எடுத்த நேரம் ஆகியவற்றோடு ஒரு தாளில் தொகுத்துக் கொண்டுபோனால் இந்தத் தவறு நடக்காது.

ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக எடுப்பவர்கள், குறிப்பாகப் புகைப்பவர்களும் முன்பு இரத்தக் கட்டி வந்தவர்களும், நீண்ட விமானப் பயணத்துக்கு முன் தோல் வழியே சேரும் ஒட்டுப்பட்டைக்கோ ஜெல்லுக்கோ மாறலாமா என்று கேட்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்காகப் போகிறவர்கள், அறுவைக் குறிப்பின் முழுப் பிரதியை வாங்காமல் திரும்பக் கூடாது. சிறுநீர்ப் பாதை சுருக்கம், கசிவு போன்றவை வாரங்கள் கழித்துத்தான் தலைகாட்டும். அப்போது பார்க்கும் மருத்துவருக்கு அந்தக் குறிப்பு வேண்டும்.

விமான நிலையச் சோதனையில் அறிய வேண்டியது கொஞ்சம்தான். பழைய வகை உடல் வருடிகளில் இயக்குபவர் ஆண் அல்லது பெண் என்று பொத்தானை அழுத்துவார். அதற்குப் பொருந்தாத இடத்தில் திரை மஞ்சள் கட்டம் காட்டும். மார்பை இறுக்கும் பைண்டர், செயற்கை உறுப்பு எதுவும் அப்படிக் காட்டலாம். தனியறையில், சாட்சியோடு சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம். பைண்டரை எட்டு மணி நேரத்துக்கு மேல் அணியாமல் விமானத்திலேயே கழற்றிவிடுவது மூச்சுக்கு நல்லது.

இடைநிற்கும் விமான நிலையத்தை யாரும் நாடாகக் கணக்கில் எடுப்பதில்லை. விமானம் தாமதமாகி விடுதிக்கு அனுப்பினால் அந்நாட்டின் சட்டத்துக்குள் வந்துவிடுகிறோம். ஓமானின் 2018 தண்டனைச் சட்டம், பெண் உடையில் தோன்றும் ஆணைத் தண்டிக்கிறது. திருநங்கையை அந்தச் சட்டம் ஆணாகவே பார்க்கும். மலேசியாவில் மாநில ஷரியா சட்டங்கள் முஸ்லிம்களுக்கு இதேபோன்ற தடையை வைத்திருக்கின்றன. குவைத்தில் ‘எதிர்ப்பாலினத்தைப் போல நடப்பது’ குற்றம் என்ற பிரிவை 2022 பிப்ரவரியில் அரசமைப்பு நீதிமன்றம் ரத்துசெய்தது. இப்படி ஒரு பிரிவு போனாலும் பொது ஒழுக்கம் தொடர்பான பிரிவுகள் காவலர் கையில் மீதமிருக்கும். கொஞ்சம் கூடுதல் செலவானாலும் வேறு வழித்தடத்தில் டிக்கெட் எடுப்பது நல்லது. முடியாவிட்டால் கைபேசியில் உள்ள படங்களையும் செயலிகளையும் முன்பே நீக்கிவிடுங்கள்.

துணையாகக் குடியேறுகிறவர்கள் திருமணச் சான்றின் தேதியையும் பாலின மாற்றத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருபால் திருமணத்தை ஏற்காத நாட்டில், திருமணத்துக்குப் பின் ஒருவர் பாலினப் பதிவை மாற்றினால் துணை விசாவே ஆட்டம் காணலாம். ஜப்பானில் பதிவை மாற்றவே திருமணமாகாதவராக இருக்க வேண்டும். அங்கே கருத்தடை அறுவை கட்டாயம் என்றிருந்த விதி அரசமைப்புக்கு முரணானது என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, திருமண நிபந்தனை அப்படியே இருக்கிறது.

புகலிடம் கேட்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை வேறு. 1951 அகதிகள் உடன்படிக்கையின்படி சொந்த நாட்டுக்கு வெளியே வந்த பிறகே அகதியாகக் கருதப்படுவார், பொதுவாகத் தூதரகத்தில் போய்க் கேட்க முடியாது. பாலின அடையாளம் காரணமான துன்புறுத்தல் அதில் அடங்கும் என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் 2012 வழிகாட்டுதலில் தெளிவாக்கியிருக்கிறது. அமெரிக்காவில் வந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கைரேகை முதலில் எங்கே பதிவானதோ அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்படும் வாய்ப்பு அதிகம். ஆகவே இறங்கும் நாடு எது என்பது பயணச் செலவு சார்ந்த முடிவல்ல, வழக்கின் தலையெழுத்து. அமெரிக்காவிலிருந்து நில எல்லை வழியே கனடாவுக்குள் போய்க் கேட்பவரையும், இரு நாட்டு ஒப்பந்தத்தின்படி, சில விலக்குகள் தவிர, திருப்பி அனுப்புவார்கள். 2023 மார்ச் முதல் அது முழு எல்லைக்கும் பொருந்துகிறது. அந்தரங்கப் படங்களையோ உடல் சோதனையையோ ஆதாரமாகக் கேட்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014இல் ஒருபாலீர்ப்பாளர்களின் புகலிட வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. யாராவது அவற்றைக் கேட்டால் மறுக்கலாம். மருத்துவக் குறிப்பு, காவல் புகார், மிரட்டல் செய்திகள், வேலையிலிருந்து நீக்கிய கடிதம் போன்றவற்றைத் தேதியோடு சேமித்து, சொந்தக் கைபேசி பறிபோனாலும் எடுக்கக்கூடிய இடத்தில் ஒரு பிரதி வைத்திருக்க வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய பட்டியல் வெளியிடும்போது ஒவ்வொரு நாட்டுக்கும் எதிரே மூன்று கட்டங்கள் கூடுதலாகப் போடுங்கள்: சட்டம் எந்தத் தேதி நிலவரம், குடியுரிமை இல்லாதவருக்கும் அது பொருந்துமா, புதிதாக வந்தவருக்கு ஹார்மோன் மருந்து கிடைக்க எத்தனை மாதமாகும். ஐரோப்பிய நாடுகளுக்கு முதல் இரண்டு கட்டங்களையும் நிரப்ப, ஐரோப்பியத் திருநர் கூட்டமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் உரிமை வரைபடத்திலிருந்து தொடங்கலாம். மற்ற நாடுகளுக்கு, பால்புதுமையர் உரிமை அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான இல்காவின் தரவுத்தளம் இருக்கிறது. மூன்றாவது கட்டத்துக்கு அந்தந்த ஊர்த் திருநர் அமைப்புகளுக்குத்தான் எழுதிக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
திருநர்களின் பயண, குடியேற்ற ஆவணப் பணிகளில் உதவிவருவோர்